கோமதியின் விடைக்குறிப்பு

மணி இரண்டேகால். ஐந்து மணிக்குள் நான் கோமதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், கையில் இருப்பதோ மதியக் கட்டின் நான்காவது விடைத்தாள். முப்பதில் நான்கு. பக்கத்து மேஜை மிக்கேல் சார் பன்னிரண்டாவது தாளுக்குப் போய்விட்டார், அவர் திருத்துவதில்லை, தடவிக்கொடுத்து அனுப்பிவிடுவார், எல்லாப் பிள்ளைக்கும் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஒரு மார்க், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எனக்கு அப்படி முடியாது, நான் ஒவ்வொரு வரியையும் படிக்கிறவன், படிக்கிறவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறவன். இந்த ஹாலில் மின்விசிறி பதினாறு, ஓடுவது பதினொன்று, என் தலைக்கு மேல் தொங்குவது ஓடாத ஐந்தில் ஒன்று. மே மாதத்துப் பாளையங்கோட்டை. சிவப்புப் பேனா விரலில் வழுக்குகிறது. நேற்று இந்நேரம் எனக்கு வேர்வையைத் தவிர வேறு கவலை கிடையாது. நேற்று மூன்றரை மணிக்கு டீ இடைவேளையில், கை கழுவும் குழாய் பக்கத்தில், நான் பருப்பு வடையைப் பாதி கடித்திருந்தபோது அவள் வந்து நின்றாள். சுற்றி வளைக்கவில்லை. "நயினார் சார், எனக்கு முப்பத்தஞ்சு ஆகுது. ஒங்களுக்கு முப்பத்தெட்டு. நாலு வருஷமா, எட்டு கேம்ப்பா, சந்தேகம்னு வந்தா நீங்க என்கிட்ட மட்டும்தான் கேக்கிறீங்க. சந்தேகமே இல்லாத எடத்துலயும் கேக்கிறீங்க. கல்யாணம் பண்ணிக்கிடலாமா?" அவளே தொடர்ந்தாள். "யோசிச்சு நாளைக்கு கேம்ப் முடியுறதுக்குள்ள சொல்லுங்க. வேண்டாம்னாலும் சொல்லிருங்க, நா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். விட்டா நவம்பர்லதான் பாப்போம். ஆறு மாசம் இதையே நெனைச்சிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல." அவ்வளவுதான், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் பாதி வடையோடு நின்றேன். சரி என்று அங்கேயே சொல்ல வேண்டியதுதானே, வாயில் வடை இருந்தால் தலையை ஆட்டக்கூடவா முடியாது, ஆட்டவில்லை, ஏன் ஆட்டவில்லை என்றுதான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது தாள். கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. எட்டு கேம்ப் என்று அவள் எண்ணி வைத்திருந்தாள், நான் ஏழு என்று நினைத்திருந்தேன், யோசித்தால் எட்டுதான். அவள் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் கணிதம் எடுக்கிறாள், நான் திருநெல்வேலியில். நவம்பரில் ஒன்று, மே மாதம் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு முறை விடைத்தாள் திருத்த இங்கே கூடுவோம், முறைக்கு ஐந்து நாள். அதாவது நான் அவளை மொத்தமே நாற்பது நாள்தான் பார்த்திருக்கிறேன், அதிலும் ஞாயிறு கழிக்க வேண்டும். நாற்பது நாளில் ஒரு மனுஷிமேல் இப்படிப் பைத்தியம் பிடிக்குமா என்றால் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தாள், அப்போது அவளும் எங்களைப்போலச் சிவப்பு மைதான். நான் ஒரு தாளுக்குக் கூட்டல் போட்டு முன்பக்கத்தில் எழுதினேன். "சார், முப்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க, அறுபத்துமூணு வருது." அவளுக்கு என் தாள் தலைகீழாகத் தெரிகிறது, எதிரில் இருந்தபடியே, தன் தாளைத் திருத்திக்கொண்டே என் கூட்டலையும் போட்டிருக்கிறாள். மறுபடி கூட்டினேன், அறுபத்துமூன்று. பிடரியில் சூடு ஏறியது, அவமானம்தான் என்று முதலில் நினைத்தேன், ஆனால் அவமானம் வந்தால் எழுந்து போகத் தோன்றும், எனக்கோ இன்னொரு கூட்டலைத் தப்பாகப் போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. போட்டேன். வேண்டுமென்றே. அவள் நிமிராமலே சொன்னாள், "இது நீங்க வேணும்னு போட்டது." ஐயோ, அந்த நிமிஷம். அவள் அழகா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, மூக்குக் கண்ணாடி, காதில் சின்னத் தோடு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருவாள், கொஞ்சம் கூன், நிறம் என்னைப்போலத்தான். இதிலெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு கணக்கைப் பார்க்கும்போது அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, விடை தெரிந்ததும் சட்டென்று விடுவாள், அந்த விடுகிற இடம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் நான் சந்தேகமே இல்லாத இடத்திலும் சந்தேகம் கேட்டேன். ஊரில் ஆண்கள் எதை எதையோ பார்த்து மயங்குகிறார்கள், நான் ஒருத்தி கணக்குப் போடுவதைப் பார்த்து மயங்கினேன். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். போன வருஷம் அவளைச் சீஃப் ஆக்கினார்கள். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் மேல் அவள், கட்டுக்கு ஐந்து தாளை எடுத்துப் பச்சை மையில் சரிபார்ப்பாள். எனக்கு மேலே உட்கார்த்தி வைத்துவிட்டார்களே என்று வருத்தமா, வருத்தம் இல்லை, கொஞ்சம் இருந்தது, சந்தோஷமும் இருந்தது, இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது தாள் சுலபம், பாதிப் பக்கம் வெறுமை. எனக்கு இது புதிது இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஹெப்சிபா என்று ஒருத்தி, கணக்கில் எனக்கும் அவளுக்கும்தான் போட்டி. அவள் போர்டில் சாக்பீஸ் பிடித்து எழுதும்போது நான் நோட்டில் எழுதுவதை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அரைப் பரீட்சை வரைக்கும் நான் முதல், அவள் இரண்டாவது, அதுவரைக்கும் அவளைப்போல ஒரு பெண் உலகத்தில் கிடையாது. முழுப் பரீட்சையில் அவள் இருநூறு, நான் நூற்றுத் தொண்ணூற்றாறு. ரிசல்ட் அன்றைக்கு வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் செருப்பு வாரை மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதோடு சரி. அதற்குப் பிறகு வீட்டில் பெண் பார்த்த கூத்து. என் ஜாதகத்தோடு வைத்த தாளில் 'நன்கு படித்த, அறிவுள்ள மணமகள் தேவை' என்று நானே என் கையால் எழுதினேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண், இயற்பியலில் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள், தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள், "நீங்க எதுல பண்ணீங்க?" என்று கேட்டாள், என் ஆராய்ச்சித் தேற்றத்தைச் சொன்னேன், "அதுல அந்த மூணாவது நிபந்தனை எதுக்கு, அது இல்லாமலே வருமே?" என்றாள். அது இல்லாமலே வரும் என்பது எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. கீழே வந்து, பொண்ணு கொஞ்சம் வாயாடி என்று சொல்லிவிட்டேன். சுரண்டையில் இன்னொருத்தி, நல்ல பெண், நான் எது சொன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பத்து நிமிஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது, பொண்ணுக்கு விஷயம் பத்தாது என்றேன். அன்றைக்கு வண்டியில் திரும்பி வரும்போது சிவகாமி அக்காதான் பொறுக்க மாட்டாமல் கேட்டாள், "ஏலே, ஒனக்கு அறிவாளிப் பொண்ணு வேணுமா, இல்ல ஒன்ன அறிவாளின்னு சொல்லுத பொண்ணு வேணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு, தேடிருதோம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா எட்டாவதோடு நின்றவள். அவள் கேட்டதற்கு இன்றைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை, அவளும் அதற்குப் பிறகு பெண் தேடவில்லை. கோமதி வந்த பிறகு நான் நினைத்துக்கொண்டேன், பார்த்தாயா, எனக்கு அறிவாளிதான் வேண்டியிருந்தது, நாலு வருஷமாக ஒரு அறிவாளியைத்தானே சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று. ஆனால் வருஷத்துக்குப் பத்து நாள். பத்து நாள் யார்தான் தாங்க மாட்டார்கள். வீடு என்று வந்தால்? காலையில் எழுந்ததும் அவள் இருப்பாள், நான் பேப்பர் படித்து ஒரு கருத்துச் சொல்வேன், அவள் கீழ் உதட்டைக் கடிப்பாள், விடுவாள், அப்படியில்ல என்பாள். கரண்ட் ஆபீஸ் படிவம் நிரப்பினால் அப்படியில்ல. எந்த பஸ் சீக்கிரம் போகும் என்று நான் சொன்னால் அப்படியில்ல. அவள் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும், அதுதானே தொல்லை, தப்பாக இருந்தால் சண்டையாவது போடலாம். அவளோடு ஒரே கூரைக்கடியில் இருந்தால் நான் எப்போது புத்திசாலியாக இருப்பது? இதுதான் பயம். அசிங்கமான பயம்தான், ஆனால் என்னுடையது. நேற்று என் தலையை ஆட்டவிடாமல் பிடித்துக்கொண்டது இதுதான் என்று நினைக்கிறேன். ஏழாவது தாள் முடிந்தது, இருபத்தொன்பது மார்க், ஒரு மார்க்கில் போகிறானே என்று மறுபடி புரட்டி, ஒரு படத்துக்கு ஒன்று போட்டு முப்பதாக்கினேன்.

எட்டாவது தாள். பதின்மூன்றாம் கேள்வியில் எல்லாரும் 'அ'வைத்தான் எழுதுவார்கள், 'ஆ' நிகழ்தகவு, அதற்குப் பயப்படுவார்கள், இந்தப் பிள்ளை 'ஆ' எழுதியிருக்கிறது. ஒரு பெட்டியில் பத்து பல்பு, அதில் மூன்று பழுது, ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து மேஜைமேல் வைக்கிறார்கள், ஐந்தாவது பல்பைச் சோதிக்கும்போது மூன்றாவது பழுது கிடைக்க வாய்ப்பு எவ்வளவு. எட்டு மார்க். விடைக்குறிப்பில், அதை நாங்கள் கீ என்போம், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு ஒன்பது. பிள்ளை எழுதியிருப்பது இருபதில் ஒன்று. அடித்துவிட்டு, சூத்திரம் மாதிரி என்னவோ இருக்கிறதே என்று இரண்டு மார்க் போட்டேன், எல்லாரும் அப்படித்தான் போடுவோம், விடை கீயோடு ஒத்தால் முழுசு, ஒத்துப்போகாவிட்டால் இரண்டு, ஒரு தாளுக்கு ஐந்து நிமிஷம்தான், கணக்கை யார் உட்கார்ந்து போடுகிறார்கள். அடுத்த பக்கம் திருப்பப் போனேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது. 'எடுத்த பல்பு மேஜையில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.' தேர்வு அறையில் உட்கார்ந்து தனக்குத் தானே எழுதிக்கொண்ட வரி. அதைப் படித்தேன், ஆமாம் பெட்டியில் இல்லை, அதற்கென்ன என்று நினைத்தேன், பக்கத்தைத் திருப்பினேன், விரல் நின்றுவிட்டது. பெட்டியில் இல்லை. எடுத்ததைத் திரும்பப் பெட்டியில் போட்டால் ஒவ்வொரு முறையும் பத்து பல்பு இருக்கும், அதற்கு ஒரு கணக்கு. போடாவிட்டால் பத்து, ஒன்பது, எட்டு என்று குறைந்துகொண்டே வரும், அது வேறு கணக்கு. கீ எந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது? கீயின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இருபதில் ஒன்று வந்தது. மறுபடி போட்டேன், இருபதில் ஒன்று. கீ எழுதியவர் பல்பைத் திரும்பப் போட்டுவிட்டார். கீ எழுதியது கோமதி.

கீயைத் தயாரித்தவள் அவள், முதல் நாள் காலையில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டியவள் அவள், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டவளும் அவள்தான். கேம்ப்பை நடத்துகிற சேர்மன் சொன்னார், "அம்மா போட்டா சரியாத்தான் இருக்கும், டீ ஆறிரும், ஆரம்பிங்க." மிக்கேல் சார் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒவ்வொரு வரியையும் படிக்கிற நான், அவள் எழுதியதில் மட்டும் ஒரு வரியையும் படிக்கவில்லை, அவள் எழுதியிருக்கிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது, அவள் வாசிக்கும்போது உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாக இந்த ஹாலில் எத்தனை பிள்ளைகள் இருபதில் ஒன்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருக்கும், நானே எத்தனை பேருக்குப் போட்டேன், ஆறு மார்க்கில் எத்தனை பேர் பெயில். சேர்மனைக் கூப்பிட வேண்டும். அவளைக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் மனசில் வரிசையாக ஓடியது, சரியாகத்தான் ஓடியது, ஆனால் உடம்பு எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் வயிற்றுக்குள் என்னவோ இளகி, நெஞ்சுக்கு ஏறி, முகத்தில் வந்து நின்றது, அது என்ன என்று பார்த்தால் சிரிப்பு. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கோமதி தப்பு செய்திருக்கிறாள். முதல் வருஷப் பிள்ளை செய்கிற தப்பு, பல்பைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டாள். ஐம்பதடி தள்ளி, ஓடுகிற மின்விசிறிக்கு அடியில், தலைப்பைச் செருகிக்கொண்டு யாருடைய தாளிலோ பச்சைக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள், தான் தப்பு செய்திருப்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாலு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மணி மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

இதற்குப் பிறகு வேலை எவ்வளவு நன்றாக ஓடுகிறது. ஒன்பது, பத்து, பதினொன்று. வேர்வைகூட உறைக்கவில்லை. அவளைப் பார்க்கிறேன், முன்னைவிட அழகாக இருக்கிறாள், கூன் முதுகு அழகு, கண்ணாடியை மேலே தள்ளுகிற விரல் அழகு, பாவம் என்று இருக்கிறது, பாவம் என்று தோன்றியதும் நெஞ்சில் ஒரு பாசம் பொங்குகிறது, அட, இதுதானே இல்லாமல் இருந்தது, இதைத்தானே தேடினேன். இவளோடு வாழலாம். தாராளமாக வாழலாம். தப்பு செய்வாள், நான் எடுத்துச் சொல்வேன், மெதுவாக, மனசு நோகாமல், அவள் உதட்டைக் கடிப்பாள், ஆமால்ல என்பாள். ஒரு வீடு கண்ணில் தெரிகிறது, பெருமாள்புரம் பக்கம், மாடியில் இரண்டு மேஜை, எதிரெதிரே. நேற்று இல்லாத வீடு இன்றைக்கு எங்கிருந்து வந்தது? எழுந்து போய்ச் சொல்லிவிடு, நயினார். சொல்லலாம், இந்தத் தாள் முடியட்டும். எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன், எல்லார் முன்னாலும் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டு, கோமதி, ஒரு சின்ன விஷயம், பதறாதீங்க. பதறாதீங்க என்பது நன்றாக இருக்கிறது. அவள் முகம் மாறும், கை நடுங்கும், ஐயோ சார் இப்ப என்ன செய்ய என்பாள், நான் பார்த்துக்கிடுவோம் என்பேன். அதற்குப் பிறகு, நேத்து கேட்டீங்கல்ல, எனக்குச் சம்மதம். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. பதினைந்தாவது தாளில் ஒரு பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறது, தாராளமாகப் போட்டேன். டீ வந்தது, குடிக்கப் போகவில்லை, அவள் குழாய் பக்கம் ஒரு தடவை நின்று இந்தப் பக்கம் பார்த்தாள், நான் தாளைப் பார்த்தேன், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து ருசித்துவிட்டுக் கொடுப்போமே என்று இருந்தது. நாலு மணிக்குப் பல்கலைக்கழக வண்டி வந்தது. பின்னால் எடுக்கும்போது கூவுகிற சத்தம், சீல் வைத்த கட்டுகளைத் தூக்கிப் போடுகிற சத்தம், நாலு நாள் கட்டும் இன்றைய காலைக் கட்டும் அதில் போகிறது. அந்தக் கட்டுகள் போய்விட்டால் திரும்ப எடுப்பது லேசில்லை, கடிதம், கையெழுத்து, அனுமதி, சில சமயம் ரிசல்ட்டே வந்துவிடும். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். இப்போது ஓடினால் வண்டியை நிறுத்தலாம் என்று நினைத்தேன், அந்த நினைப்பு வந்தது, வந்தபோதும் என் பேனா இருபத்திரண்டாவது தாளில் ஒரு கூட்டலை முடித்துக்கொண்டிருந்தது. வண்டி போய்விட்டது. இன்னும் எட்டுத் தாள்தானே, கட்டை முடித்துக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டே சொல்வோம், அதுதான் முறை. முறையாம்.

நாலே முக்காலுக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு நடக்கிறேன். எட்டாவது தாளை மட்டும் தனியாக மேலே வைத்திருக்கிறேன். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், அந்தப் பார்வையில் கேள்வி இருக்கிறது, நேற்றைய கேள்வி, கோமதிக்குக்கூட முகத்தில் பயம் வரும் என்று எனக்குத் தெரியாது. "கோமதி, ஒரு சின்ன விஷயம், பதறாதீங்க" என்கிறேன். ஒத்திகை பார்த்த குரல் என்று எனக்கே கேட்கிறது. தாளை முன்னால் வைத்துப் பென்சில் வரியைக் காட்டுகிறேன். அவள் படிக்கிறாள், கீழ் உதட்டைக் கடிக்கிறாள், மூன்று விநாடிகூட ஆகவில்லை, விடுகிறாள். "ஆமா. தப்பு. என் தப்புதான்." முகம் மாறவில்லை. கை நடுங்கவில்லை. ஏதோ ஜன்னல் திறந்து கிடக்கிறது என்று சொன்னால் ஆமாம் மூடணும் என்பது மாதிரி சொல்கிறாள். "நல்ல பிள்ள, எப்படி எழுதியிருக்கு பாருங்க" என்று அந்தப் பென்சில் வரியை இன்னொரு தடவை படிக்கிறாள். நான் பார்த்துக்கிடுவோம் என்று சொல்வதற்கு ஒரு இடமும் கிடைக்காமல் நிற்கிறேன். அவள் தாளின் மூலையில் இருக்கிற வரிசை எண்ணைப் பார்க்கிறாள், பிறகு கட்டைப் பார்க்கிறாள். "சார், இது எட்டாவது தாள்." "ஆமா." "நீங்க முப்பதும் முடிச்சிட்டீங்க." கட்டின்மேல் விரலை வைக்கிறாள். "நடுவுல இருபத்திரண்டு தாள். ஒங்களுக்குத் தாளுக்கு அஞ்சு நிமிஷம், என்னைக்கும் கூடாது கொறையாது. அப்ப மூணு மணிக்கு முன்னாடியே பாத்திருக்கீங்க. வண்டி போனது நாலு மணிக்கு." இப்பத்தான் மறுபடி புரட்டும்போது பார்த்தேன் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. "இல்ல, ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..." என்றுதான் ஆரம்பித்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்கிறாள், கோபமாகப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன், ஒரு கணக்கைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறாள், மறுபடி அந்த உதட்டைக் கடிக்கிறாள், வேண்டாம், விட்டுவிடாதே, கண்டுபிடித்துவிடாதே. விட்டுவிட்டாள். "சந்தோஷமா இருந்துச்சா சார்?" ஹாலில் கட்டுக் கட்டுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். "ஆமா" என்கிறேன். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு பெண்ணிடம் நான் சொன்ன முதல் உண்மை இதுவாகத்தான் இருக்கும். சொன்ன வேகத்தில், இப்போது விட்டால் இனி வராது என்று, அதையும் சொல்லிவிடுகிறேன், "கோமதி, நேத்து கேட்டீங்கல்ல, எனக்குச் சம்மதம்." அவள் சிரிக்கவில்லை. "நேத்து சொல்லலியே. இன்னைக்கு ஒரு தப்பு கெடச்சதுக்கு அப்புறம்தானே சம்மதம்?" குரலில் ஒரு குத்தலும் இல்லை. "இது ஒரு தப்பு. நா எப்பவாவது ஒண்ணு செய்வேன். மத்த நாள்லாம் நா சரியா இருப்பேனே சார், அன்னைக்கெல்லாம் நீங்க என்ன செய்வீங்க?"

நான் எட்டாவது தாளை எடுத்துக் கட்டுக்குள் செருகினேன். அவள் காத்திருந்தாள், உண்மையாகவே காத்திருந்தாள், ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்கிற முகம்தான், அரை நிமிஷம் இருக்கும். பிறகு எழுந்து சேர்மனிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கை எடுத்தாள். "எல்லாரும் ஒரு நிமிஷம். பதிமூணு ஆ-வுக்கு நா குடுத்த கீ தப்பு. சரியான விடை இருபதில் ஒண்ணு. என் தப்புதான், மன்னிச்சுக்கோங்க. மதியக் கட்டு எல்லாத்தையும் இன்னைக்கே பிரிச்சுத் திருத்தணும். போன கட்டுக்கு நா இப்பவே பல்கலைக்கழகத்துக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வாரேன். இதக் கண்டுபிடிச்சது நயினார் சார்." எப்போது கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள், மிக்கேல் சார் எழுந்து வந்து முதுகில் தட்டி, "சீஃபையே மடக்கிட்டீரே ஓய்" என்றார். மத்தியானம் முழுக்க நான் நினைத்து நினைத்து ருசித்த வார்த்தை அது. இப்போது காதில் விழுந்தபோது வாய் கசந்தது. கட்டோடு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். கட்டைப் பிரித்து எட்டாவது தாளை எடுத்து, இரண்டை அடித்து எட்டு போட்டு, முன்பக்கக் கூட்டலை மாற்றி எழுதினேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டு, வாசல் வெயிலில் இறங்கிப் போவது தெரிந்தது, ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஒரு தாளின் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு, எனக்குள் யாரும் எட்டிப் பார்த்திராத இடத்தை இவள் அரை நிமிஷத்தில் பார்த்துவிட்டுப் போகிறாள், அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்த நாலு வருஷத்தில் எந்த நாளும் அவளை இவ்வளவு பிடித்ததில்லை. எழுந்து ஓடினால் ஆட்டோவைப் பிடித்துவிடலாம், ஓடிப்போய்ச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், இதைச் சொல்ல எனக்கு இனிமேல் வாய் கிடையாது.